ஆடியில வாங்குன லைட்டு

கீழ மட்டும் வச்சிராதீங்க சார். மடியிலேயே இருக்கட்டும். கனம் ஒண்ணும் இல்ல. நூத்தி நாப்பத்திரெண்டு கிராம், அட்டப்பெட்டியோட சேத்தா எரநூத்திப் பத்து. மில்லுத் தராசுல வச்சுப் பாத்துட்டேன். பஸ்ஸு இந்தத் தூக்கு தூக்கிப் போடுது, கம்பியையும் பிடிச்சுக்கிட்டுப் பையையும் பிடிக்க எனக்கு முடியல, அதான் உங்ககிட்டக் குடுத்தேன். அந்தம்மா எறங்கப் போகுது போல. எறங்குதா? சரி, லேசாத் தள்ளிக்கங்க, நானும் உக்காந்துக்கிறேன். இல்ல இல்ல, அது உங்க மடியிலேயே இருக்கட்டும். எனக்கு மூணு நாலு வாரமா கை ஒரு நிலையில இல்ல.

என்னன்னு பாக்குறீங்களா? டார்ச் லைட்டு சார். தலையில பட்டை போட்டுக் கட்டிக்கிற லைட்டு. எம் பொஞ்சாதிக்கு. இன்னைக்குத்தான் கொண்டுபோய்க் குடுக்கப் போறேன். நல்ல நாளு, ஆவணி மூணாவது வெள்ளி, வளர்பிறை. காலண்டர்ல பாத்துட்டுத்தான் கெளம்புனேன். மணி என்ன ஆச்சு? பதினொண்ணா? ராகுகாலம் பன்னெண்டு வரைக்கும் இருக்கு. கரட்டுப்பட்டி விலக்குல எறங்கி, அங்கன ஒரு வேப்பமரம் இருக்கு, பன்னெண்டு வரைக்கும் உக்காந்துட்டு அப்பறம் போவேன். அவசரப்பட்டு என்ன செய்யப் போறோம்?

எம் பேரு தவசி. நெலக்கோட்டைப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுல எடை போடுறேன். இருபத்தாறு வருசம். ஒரு மூடையில நூறு கிராம் கூடக்கொறைய இருந்தா தராசு சொல்றதுக்கு முன்னாடி எங்கை சொல்லிரும். அதனால பொருள் வாங்குற விசயத்துல என்ன ஏமாத்த எவனாலயும் முடியாது. ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க. மழைக்கு ஒரு கொடை வாங்குறதுன்னாலும், "தவசிய ஒரு எட்டு கூட்டிட்டுப் போ"ம்பாங்க.

பொஞ்சாதி பேரு ஒச்சம்மா. மல்லிகைப்பூ எடுக்கப் போவா. அது உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, மல்லிகைய மொட்டா இருக்கையில எடுக்கணும் சார். வெயில் ஏறிருச்சுன்னா மலந்துரும், மார்க்கெட்டுல சீந்த மாட்டான். அதனால வெள்ளன மூணு மணிக்கே பொம்பளைக கெளம்பிருவாங்க. எல்லாரும் நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டு வரிசையாப் போவாங்க. எம் பொஞ்சாதிகிட்ட அது இல்ல. பழைய பிளாஸ்டிக் டார்ச்சு ஒண்ணு, வெரல் தண்டிதான் இருக்கும். பூ எடுக்க ரெண்டு கையும் வேணும்ல, அதனால டார்ச்ச வாயில கவ்விக்குவா. நாலு வருசம் அப்படித்தான். அந்த டார்ச்சு மேல அவ பல்லுத் தடம் இருக்கு. வெளிச்சம்னு பெரிசாச் சொல்ல முடியாது. மொட்டு தெரியும். மொட்டுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியாது.

"ஏங்க, அவளுக எல்லாம் கட்டுறாளுகளே, அதே மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுங்களேன்"னு கேட்டா. எனக்கும் ஆசைதான். ஆனா அவளுக கட்டுறது சந்தையில வித்த சரக்கு சார். பதினஞ்சு நாளு எரியும். அப்பறம் தட்டுனா எரியும். அப்பறம் தட்டுனாலும் எரியாது. அத வாங்கித் தொலைக்கிறதுக்கு எதுக்கு நான் ஒருத்தன் இருக்கேன்? "பொறு. வாங்குனா ஒரே தடவ, நல்லதா வாங்குவோம்"னேன்.

ஆறு மாசம் பாத்தேன் சார். வெளையாட்டு இல்ல. கைக்குள்ள ஐநூறு ரூவா, அதுக்குள்ள வேணும். அது அவ சேத்து வச்ச சிறுவாட்டுக் காசுதான், அது கெடக்கு. செல்லுல பாத்தேன், கடை கடையா ஏறுனேன். பெட்டி மேல பத்தாயிரம் லூமன் வெளிச்சம்னு போட்டிருப்பான். சுத்தப் பொய்யி. அந்த வெலைக்கு அதெல்லாம் வராது. நெசமா முன்னூறு வந்தாலே போதும், ஊசி விழுந்தாப் பொறுக்கலாம். பெறகு, எம்புட்டுத் தூரம் போகுதுன்னு பாக்குறானுக எல்லாரும். பூ எடுக்கிறவளுக்குத் தூரம் எதுக்கு? கிட்டத்துல, அகலமா விழணும். பாடி அலுமினியமா இருக்கணும். மூடியில ரப்பர் வளையம் இருக்கணும், இல்லாட்டிப் பனித்தண்ணி உள்ள எறங்கிரும். பேட்டரியக் கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும். உள்ளேயே வச்சு ஒட்டியிருந்தா வருசம் திரும்புனாக் குப்பைதான். பட்டையில ரெட்டைத் தையல் இருக்கான்னு பாக்கணும். அத எவனும் பாக்க மாட்டான். நான் பாப்பேன்.

மதுரையில ஒரு கடையில இந்தச் சாமான் ஆப்புட்டுச்சு. பட்டப்பகல்ல டார்ச்சுல என்னத்தத் தெரியும்? கடைக்காரன்கிட்ட மிக்ஸி வந்த அட்டப்பெட்டி ஒண்ண வாங்கித் தலையில கவுத்துக்கிட்டு, உள்ளுக்குள்ள லைட்டப் போட்டுப் பாத்தேன். பெட்டிக்குள்ள ஒட்டியிருந்த பொடி எழுத்தப் படிச்சேன். கடைப் பொண்ணுகெல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதுக. சிரிச்சாச் சிரிக்கட்டும். ஒரு வாளித் தண்ணி கேட்டேன், அதுக்குள்ள போட்டேன். எடுத்தேன், எரிஞ்சுச்சு. இடுப்பு உயரத்துல இருந்து கீழ போட்டேன். எரிஞ்சுச்சு. எழுநூத்தி அம்பது ரூவான்னான். சரின்னு வந்துட்டேன்.

ஏன் வந்துட்டேன்னு கேளுங்க. அது ஆனி மாசம். அடுத்து ஆடி வருதுல்ல?

இதுதான் சார் சூச்சுமம். ஆடியில எவனும் நல்லது பொல்லதப் புதுசாத் தொடங்க மாட்டான். யாவாரம் படுத்துரும். அதனாலதான் தள்ளுபடி போடுறான். நான் என்ன செய்வேன், வாங்குறத ஆடியில வாங்குவேன். தொடங்குறத ஆவணியில தொடங்குவேன். காசும் மிச்சம், சம்பிரதாயமும் கெடாது. எங்க வீட்டுல கட்டிலு, ஃபேனு, பீரோ எல்லாமே அப்படி வந்ததுதான். மிக்ஸி வாங்குன வருசம், அது பாட்டுக்குப் பரண் மேல பெட்டியோட இருக்கு, இவ ஒரு மாசம் முழுக்க அம்மியில அரைக்கிறா. தெருவே சிரிச்சுச்சு. அவளும் சிரிச்சா. "எங்க வீட்டு மிக்ஸி விரதம் இருக்குடி"ன்னு வர்றவ போறவகிட்ட எல்லாம் சொன்னா. அப்படிச் சிரிக்கிறவதான் சார் அவ.

இந்த லைட்டையும் அப்படித்தான். ஆடிப்பெருக்கு முடிஞ்சதும் தள்ளுபடிய இன்னும் கூட்டுவான்னு எனக்குத் தெரியும். ஆடி இருவதாம் தேதி போனேன். நானூத்தி எம்பது! நாலு தடவ ஏறி எறங்குன கடையில, கடைசியில நம்ம வெலைக்குத்தான் குடுத்தான். அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து பெட்டிய அவ கையில குடுத்துட்டுக் காலு கழுவப் போனேன். திரும்பி வாறேன், லைட்ட வெளிய எடுத்துட்டா. எடுத்தது மட்டுமா? சுச்சைப் போட்டுட்டா. சாயந்தரம் நாலு மணி, வீட்டுக்குள்ள நல்ல வெளிச்சம், அதனால எரியுதா இல்லையான்னு தெரியல போல. உள்ளங்கைய லைட்டு மேல வச்சுப் பொத்துனா. கை பூராச் செவசெவன்னு ஆயிருச்சு. வெரலு அஞ்சும் தணலாட்டம் தெரியுது. "ஆத்தாடி! ஏங்க, இங்க பாருங்க, எங்கையில எம்புட்டு ரத்தம் இருக்குன்னு!" அப்படிங்கிறா. சின்னப் புள்ள மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்குறா. அம்பத்தொரு வயசு அவளுக்கு.

நான் வெடுக்குனு பிடுங்கிட்டேன். "கூறு இருக்காடி உனக்கு? ஆடியில போய்ச் சுச்சைப் போடுற?"ன்னு சத்தம் போட்டேன். கடையில பாக்குறது வேற, அது சோதனை. வீட்டுல வச்சுப் போட்டா அது தொடங்குனதாத்தான் அர்த்தம். அன்னைக்கே எனக்கு மனசு சரியில்ல சார். இப்ப யோசிச்சாலும் அதுதான் தோணுது. அவ அன்னைக்குச் சுச்சைப் போட்டிருக்கக் கூடாது. அதுலதான் எல்லாம் வந்துச்சு.

தொடச்சு, பெட்டியில வச்சு, பீரோவுல வச்சுப் பூட்டுனேன். சாவி என் அரைஞாண் கயித்துலதான் எப்பவும் இருக்கும். "இன்னும் பதினோரு நாளு. நாலு வருசம் இருந்தவளுக்குப் பதினோரு நாளு இருக்க முடியாதா?"ன்னேன். அவ பழைய டார்ச்சத் தொடச்சு வச்சா.

மறுநாளு, கூடப் பூ எடுக்கிற சின்னப்பேச்சி ஒரு லைட்டத் தூக்கிட்டு வந்துச்சு. "அண்ணே, எங்கிட்ட ரெண்டு இருக்கு, மதினி ஆவணி வரைக்கும் இதக் கட்டட்டும்"னுச்சு. எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. புது லைட்ட வீட்டுல வச்சுக்கிட்டு எவளோ ஒருத்தி லைட்ட எரவல் வாங்குறதா? நாலு பேரு என்ன பேசுவான்? "ஒண்ணும் வேணாம் தாயி, கொண்டு போ"ன்னுட்டேன். ஒச்சம்மா அடுப்படியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தா.

ஆடி இருவத்தி மூணு.

நான் வீட்டுலதான் படுத்திருந்தேன். சின்னப்பேச்சி மகன் வண்டியில வந்து கதவத் தட்டுறான். போய்ப் பாத்தா வரப்புல உக்கார வச்சிருக்காங்க. கண்ணாடிவிரியன். செடிக்குள்ள கீழ்க்கெளையில இருந்த மொட்டுக்குக் கையக் குடுத்திருக்கா. வலது கை. அதுக்குள்ள கை வீங்கிப் போச்சு. பழைய டார்ச்சு பக்கத்துல கெடந்து எரிஞ்சுக்கிட்டு இருக்கு. நான் அத எடுத்து அணைச்சேன். எதுக்கு வீணா எரியணும்னு தோணுச்சு. அந்த நேரத்துல எனக்கு அதுதான் சார் தோணுச்சு. என்னன்னு சொல்ல.

தோட்டத்துக்காரன் களை எடுக்காம விட்டிருந்தான், அது ஒண்ணு. கைய விடுறதுக்கு முன்னாடி குச்சிய வச்சு ஒரு தட்டு தட்டணும், எல்லாரும் தட்டுவாங்க, இவ தட்டல, அது ஒண்ணு. சின்னப்பேச்சி எம் மூஞ்சியையே பாத்துக்கிட்டு, "அண்ணே, அந்த லைட்டு மட்டும்..."னு ஆரம்பிச்சுச்சு. "வாய மூடு. மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கு"ன்னேன்.

மதுரைக்குக் கொண்டு போனோம். ஊசி மேல ஊசி போட்டாங்க. டாக்டருக மேல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன், உசுரக் குடுத்தாங்க. ஆனா கையி கருத்துப் போச்சு. மூணு வெரல எடுத்தாத்தான் கைய வைக்கலாம், இல்லாட்டிக் கையே போயிரும்னாங்க. கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன். ஆள்காட்டி, நடு வெரலு, மோதிர வெரலு. மொட்டுக் கிள்ளுற வெரலுதான் எல்லாம்.

நான் அழுகல சார். வரல. பல்லு புடுங்கையில ஊசி போடுவாங்கள்ல, அப்பறம் கன்னத்தக் கிள்ளுனாலும் யாரு கன்னத்தையோ கிள்ளுற மாதிரி இருக்கும்ல? அப்படி மரத்துப் போய்க் கெடக்கு. சோறு திங்கிறேன், மில்லுக்குப் போறேன், எடை போடுறேன். கிராம் பிசகல. மொதலாளி கூட, "தவசி, நாலு நாளு லீவு எடுத்துக்கய்யா"ன்னாரு. லீவு எடுத்து என்ன செய்ய?

நாலு நாளு கழிச்சுத்தான் அவளுக்கு நெனப்பே திரும்புச்சு. நான் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். கண்ண முழிச்சா. கட்டுப் போட்ட கையப் பாத்தா. என்னப் பாத்தா. ஒதடெல்லாம் காஞ்சு கெடக்கு, தண்ணி வேணுமான்னு கேக்கப் போனேன். அதுக்குள்ள அவ கேட்டா, "ஆவணி பொறந்துருச்சா?"

"இல்ல, இன்னும் நாலு நாளு இருக்கு"ன்னேன்.

அவ செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. வலி இருக்கும்ல சார். மருந்து வேகம் வேற. அதுக்கப்பறம் எங்கிட்டப் பேசல. நர்சம்மாகிட்டப் பேசுறா. அவ தம்பி மொக்கராசு வந்தா பேசுறா. நான் போனா கண்ண மூடிக்கிறா. அசதியா இருக்கும்னு நெனச்சேன்.

ஆவணி ஒண்ணாந் தேதி பீரோவத் தொறந்தேன். லைட்டுக்குக் குங்குமம் வச்சு, சாமி படத்துக்கு முன்னாடி வச்சுக் கும்பிட்டேன். அங்கன, பெட்டி ஓரத்துல தெரியுதா செவப்பா, அது குங்குமம்தான். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம். புதுச் சாமான ஆஸ்பத்திரியில வச்சுத் தொடங்குறது நல்லதில்லன்னு விட்டுட்டேன். முந்தாநாளு வீட்டுக்கு விட்டாங்க. மொக்கராசு நேரா அவன் ஊரு கரட்டுப்பட்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. போன் போட்டேன். "மச்சான், நீங்க வரணும்னா வாங்க. அக்கா உங்க கூட வருமான்னு எனக்குத் தெரியாது. ஆனா கையில எதையும் தூக்கிட்டு மட்டும் வராதீங்க"ன்னான்.

எதையும்னா எத? பழம் கிழம் வேணாம்குறானா இருக்கும். லைட்டு அவளோடது. அவ காசுல வாங்குனது. அவகிட்டக் குடுக்காம யாருகிட்டக் குடுக்க? இதுல சுச்சு பக்கவாட்டுல இருக்கு, பெட்டி மேல படத்துல பாருங்க. இடது கையில பிடிச்சாலும் கட்டவெரலு சரியாச் சுச்சு மேல வந்துரும். வாங்கையில நான் அத யோசிக்கல. ஆனா நல்லதாப் போச்சு. வாங்குனா இப்படி வாங்கணும். நீங்க கேக்கலாம், அவதான் இனிமே பூ எடுக்கப் போக முடியாதே, லைட்டு எதுக்குன்னு. கேளுங்க. கேக்க மாட்டீங்க, நீங்க நல்ல மனுசன்.

என்ன சார்?

அன்னைக்கு வெள்ளன அவ லைட்டக் கேக்கலையாவா?

அத யாரும் எங்கிட்டக் கேக்கல சார். மொக்கராசு கேக்கல. சின்னப்பேச்சி கேக்கல. போலீஸ்காரரு எழுதிக்கிட்டுப் போனாரு, அவரும் கேக்கல.

கேட்டா.

பழைய டார்ச்சு அன்னைக்கு ரொம்ப மங்கலா எரிஞ்சுச்சு. தட்டித் தட்டிப் பாத்தா. தட்டுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கட்டிலுக்குப் பக்கத்துல வந்து நின்னா. "ஏங்க"ன்னா. "ஏங்க, சாவியக் குடுங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கட்டிட்டுப் போயிட்டுக் கொண்டாந்து வச்சிர்றேன்"னா. நான் கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன். மறுபடியும் "ஏங்க"ன்னா. சாவி என் இடுப்புலதான இருக்கு. அவ நெனச்சா உருவியிருக்கலாம். உருவல. அப்படிப் பழகுனவ இல்ல அவ. மூணாவது தடவ கூப்புடையில தோளத் தொட்டா. நான் பொரண்டு படுத்துக்கிட்டேன். "பாவம், அசந்து தூங்குறாரு"ன்னு அவளாச் சொல்லிக்கிட்டே போனா.

தூங்கல சார். முழிச்சுத்தான் கெடந்தேன்.

இன்னும் எட்டே நாளுதான் இருக்குன்னு கணக்குப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். அதுக்குள்ள எடுத்துக் குடுத்துட்டா, இத்தன வருசம் நான் கட்டிக் காத்ததுக்கு என்ன அர்த்தம்னு கெடந்தேன். அம்புட்டுத்தான். வேற ஒரு காரணமும் இல்ல. நான் முழிச்சிருந்தது அவளுக்கும் தெரியும்னு நெனக்கிறேன். தெரிஞ்சுதான் ஆவணி பொறந்துருச்சான்னு கேட்டா. செவுத்துப் பக்கம் திரும்புனது வலியில இல்ல சார். அது எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்.

கண்டக்டர், கரட்டுப்பட்டி விலக்கு ஒண்ணு! நிப்பாட்டுங்க, எறங்கணும்!

மணி என்ன சார்? பதினொண்ணே முக்காலா? இன்னும் கால் மணி நேரம் இருக்கு ராகுகாலம்.

இருந்துட்டுப் போகுது. நீங்களே அந்தப் பெட்டியத் தொறங்க. ஆமா, இப்பத்தான். நான் சுத்தி வச்ச பிளாஸ்டிக்கக் கிழிச்சிருங்க, கிழிஞ்சாக் கிழியட்டும். எனக்கு வெரலு ஓடல. சுச்சு பக்கவாட்டுல இருக்கும், கட்டவெரலால ஒரு அமுக்கு அமுக்குங்க. அமுக்கிட்டீங்களா? எரியுதா? இந்த வெயில்ல ஒண்ணும் தெரிய மாட்டேங்குதே. உள்ளங்கைய மேல வச்சுப் பொத்துங்க சார். வலது கைய வைங்க. ஏம்ப்பா டிரைவரு, ஒரு நிமிசம் இருப்பா, எறங்குறேன். நல்லாப் பொத்துங்க.

செவப்பாத் தெரியுதா? எனக்குக் கண்ணு கலங்கிக் கெடக்கு, நீங்க பாத்துச் சொல்லுங்க. வெரலு தெரியுதா? அஞ்சும் தெரியுதா சார்?